கறுப்பு வெள்ளையில் படித்த ஓவியம்

இறந்தவர்களுக்குக் கண் எழுதுவது என் தொழில். சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, வெளியில் ‘போட்டோ ஸ்டுடியோவில் ஆர்ட்டிஸ்ட்’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வேன். புதுக்கோட்டையில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது அந்த ஸ்டுடியோ. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஆள் போன பிறகுதான் வீட்டாருக்கு அந்த நினைப்பே வரும். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, கட்டு தெரியாமல் மாலையைப் போட்டு மறைத்துவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். முதலாளி கேமராவோடு போய் எடுத்து வருவார். பெரிதாகப் போட்ட படம் என் மேசைக்கு வரும். மூடியிருக்கும் இமைகளின் மேல் திறந்த கண்களை நான் எழுத வேண்டும். கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பு, உதட்டுக்குக் கொஞ்சம், புடவைக்கு வீட்டார் சொல்கிற கலர். கண்ணாடி போட்டுக் கொடுத்தால், “அப்புடியே உசுரோட உக்காந்துருக்காங்க” என்று அழுவார்கள்.

அப்படியே ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது ஆண்களுக்கு ஒரு ஜோடிக் கண், பெண்களுக்கு ஒரு ஜோடிக் கண். இரண்டும் ஏதோ ஒரு காலண்டரைப் பார்த்துப் பழகியவை. செத்தவருடைய கண் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டாரைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கும்” என்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? திருமயம் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவர் நிறையச் செத்தவர்கள் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்களே, அவர்களில் பாதிப் பேர் நான் கொடுத்த கண்ணால்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிப்பதுண்டு. என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு என் தொழில் ஆகாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். நான் தொட்டது பிணத்தை இல்லை, காகிதத்தை என்று எத்தனை சொன்னாலும் எடுபடாது. குழந்தை பிறந்து கொஞ்ச நாளில், ஸ்டுடியோவுக்கு வா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன்.

“அங்கிட்டு வாரவங்க எல்லாம் செத்தவங்கதான. எனக்கு இப்ப என்ன அவசரம்?” என்றாள்.

முதலாளியே ஆசையாகக் கூப்பிடுகிறார் என்றேன்.

“அவருக்கு ஆசையா இருந்தா அவரை எடுத்துக்கச் சொல்லுங்க.”

அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த கோடையில் அவள் தங்கை கல்யாணம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணமேல்குடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே வாந்திபேதி கண்டிருந்தது. செய்தி எனக்கு வந்து, பஸ் மாறி, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேதியில் போன உடம்பை வீட்டில் வைத்திருக்க ஊரார் விடவில்லை. என்னைக் கூட்டிப்போய்ச் சாம்பலைக் காட்டினார்கள். குழந்தை யாருடைய இடுப்பிலோ இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் கண் எழுதியவனுக்குச் சொந்த மனைவியின் மூடிய முகம்கூடக் கிடைக்கவில்லை. அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

புருஷனை இழந்து தனியாக இருந்த என் அக்கா வந்து எங்களோடு இருந்தாள். குழந்தையை அவள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மகள் மற்ற வீடுகளுக்குப் போனாள், சுவர்களைப் பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“எல்லார் வீட்டுலயும் செத்தவங்க படம் இருக்கு. நீங்கதான போட்டுக் குடுத்தீங்களாம். எங்க ஆத்தா படம் மட்டும் ஏன் இல்ல?”

அக்கா அவளை அதட்டினாள். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். அன்றுதான் எப்படியாவது இவளுக்கு இவள் அம்மாவின் முகத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு எனக்கு வேறு நினைப்பு இருந்ததாக ஞாபகம் இல்லை.

படம் இருந்தால் அதன் மேல் எதையும் எழுதத் தெரியும் எனக்கு. வெறும் காகிதத்தில் எழுதியதே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். நெற்றி வந்தது. மூக்குத்தி வந்தது. அரிசி புடைக்கும்போது கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள், அந்தச் சாய்வுகூட ஒருமாதிரி வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை தானாகவே ஸ்டுடியோக் கண்ணை எழுதிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன். மறுபடியும் அதே கண். கை பழகிவிட்டது, திருத்திக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, மனசிலேயே அவள் கண் இல்லை. குரல் இருக்கிறது, கோபம் இருக்கிறது, முதுகு இருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் காலண்டர் கண் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் சினிமாவுக்குப் போனால் முதலில் அரசாங்கத்துச் செய்திப் படம் ஒன்றைப் போடுவார்கள். அணை, உரம், வெள்ளம், மந்திரி என்று ஓடும். ஜனங்களுக்கு அது பீடி குடிக்கிற நேரம். “மெயின் படத்தப் போடுங்கப்பா!” என்று தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். ஒருநாள் மாட்டினி ஆட்டத்தில் அணைக்கட்டுக்குப் பதிலாக ஓவியர்கள் வந்தார்கள். நவீன ஓவியர்கள் என்றார், பின்னால் பேசுகிறவர். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி செந்தமிழில் வேகமாகப் பேசினார். மூன்று பேரைக் காட்டினார்கள். மூன்றாமவர் பம்பாய்க்காரராம், கழுத்தில் மப்ளர் சுற்றிய குள்ளமான ஆள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகத்தில் கண்ணே இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை மழுமழுவென்று ஒரே சாம்பல் நிறம்.

கண்ணால் பார்த்ததை எழுதுவது பழைய முறை, மனத்தில் நின்றதை மட்டும் எழுதுவது புதிய முறை என்று பேசுகிறவர் சொன்னார். மனசில் நிற்காததை எழுத வேண்டாம் என்று எனக்கு அது கேட்டது. அதற்குள் ஓவியர்கள் போய்விட்டார்கள், மெயின் படம் வந்துவிட்டது. அதை நான் பார்க்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அது ஓடிய வரைக்கும் தினமும் போனேன். பத்து நிமிஷம் உட்காருவேன், மெயின் படத்தில் பெயர் போடும்போது எழுந்துவிடுவேன். ஆபரேட்டருக்கு நான் ஒரு கிராக்கு. பிலிம் பெட்டி அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அறந்தாங்கிக்குப் போனால் அறந்தாங்கிக்குப் போவேன். கீரனூரில் டெண்டுக் கொட்டகைக்கு வந்தால் அங்கே மணலில் போய் உட்காருவேன். கொட்டகைப் பிரிண்ட் ஓடி ஓடித் தேய்ந்து, மழை பெய்வதுபோலக் கோடு கோடாக இருக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிரஷ்ஷை அடியில் பிடிக்கிறார். எழுதியதைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதன் மேலேயே எழுதுகிறார். முக்கியமான இடம் வரும்போது முதுகு வந்து மறைத்துவிடும். வைதிருக்கிறேன், வாய்விட்டே.

விளம்பரத்துறை ஜீப் ஒன்று கிராமங்களுக்கு வந்து பள்ளிக்கூடச் சுவரில் துணி கட்டிப் படம் காட்டும். குளத்தூரில் ஓவியர் படம் ஒன்று காட்டினார்கள் என்று யாரோ சொல்ல, அந்த ஜீப்பையும் துரத்தினேன். கொசு மருந்து, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த பிறகு அது வந்தது. வேறு ஆட்கள், வேறு படங்கள். வயலிலிருந்து நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்சாரி ஒருவர் என்னைப் பார்த்து, “கை காலெல்லாம் கோணலாப் போட்டுருக்கான். இதுக்கா சர்க்காரு படம் புடிச்சுக் காட்டுது?” என்றார். நான் அவரை முறைத்தேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

இப்படியாக நான் ஓவியம் படித்தேன். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை. சினிமாக் கொட்டகைதான் பள்ளிக்கூடம்.

அந்தப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. அது எனக்குத் தெரியாதா என்று கேட்கக்கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் பூசிச் சாப்பிடுகிறவன் நான். அதனால்தான் ஏமாந்தேன். எனக்குக் கலர் என்பது வீட்டார் சொல்லி நான் மேலே தடவுவது. செத்தவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாலும் மகன் ‘அரக்கு’ என்றால் அரக்குத்தான். அடியில் இருக்கிற கறுப்பும் வெள்ளையும் நிஜம், மேலே இருப்பது பூச்சு. கலரை எடுத்துவிட்டால் படத்தில் ஒன்றும் குறைந்துபோகாது என்று என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பம்பாய்க்காரர் எழுதிய அந்தப் பெண்ணின் முகத்தை நான் முழுசாகப் பார்த்துவிட்டதாகவே நம்பினேன். அவர் என்ன கலர் பூசியிருப்பார் என்று யோசிக்கக்கூட இல்லை.

ஒரு பலகையை இழைத்து வாங்கினேன். விளக்குக் கரி, வெள்ளை, இரண்டையும் குழைத்த சாம்பல், அவ்வளவுதான். சாயங்காலங்களில் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுவேன், சுரண்டுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். கடைசியில் அவள் வந்தாள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அது அவள்தான். முறத்தின் மேல் குனிந்த உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து, ஏதோ வெடுக்கென்று சொல்லப் போகிற வாய். கண் இல்லை. கண் எழுத வேண்டாம் என்றுதான் பம்பாய்க்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டாரே. அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநாள் கழித்து அழுதேன்.

மறுநாள் கூடத்தில் மாட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். எட்டு வயது இருக்கும். நேராக வந்து நின்றாள், பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எங்க ஆத்தா குருடா?”

“இல்லடா. இது புது மாதிரி ஓவியம். கண்ணு போட மாட்டாங்க.”

“பின்ன என்னைய எப்புடிப் பாப்பாங்க?”

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். “என்னடா தம்பி இது, வெளக்கேத்துற எடத்துல பேயி மாதிரி. எடுத்துரு, புள்ள பயந்துக்குரும்” என்றாள். நான் கத்தினேன். பம்பாயில் பெரிய பெரிய ஆளெல்லாம் இப்படித்தான் எழுதுகிறார்கள், சர்க்கார் அதைப் படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டுகிறது, உங்களுக்கு என்ன தெரியும் என்றெல்லாம் கத்தினேன். படத்தை எடுக்க மறுத்துவிட்டேன். அதன் பிறகு மகள் கூடத்தைக் கடக்கும்போது முகத்தைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடுவாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். புரியும்போது புரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் சாவு. முதலாளிக்கு முழங்கால் வலி, கேமராவைத் தூக்க நானும் போனேன். உடம்பைத் தயார்செய்து கொண்டுவரும்வரை முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் இங்கிலீஷ் பத்திரிகைகள் கிடந்தன. பம்பாயில் கடை வைத்திருந்த மகன் கொண்டுவந்தவையாக இருக்கும். சும்மா புரட்டினேன். நடுப்பக்கத்தில் கலரில் ஒரு படம் இருந்தது.

அந்த நாற்காலி, அந்தச் சாய்ந்த கழுத்து. இருபது தடவைக்கு மேல் பார்த்த பெண். ஆனால் முகம் பச்சை, தளிர் இலையின் பச்சை. அந்தப் பச்சைக்குள் இரண்டு கண்கள், பெரிசாக, சிவப்பாக, என்னையே பார்த்துக்கொண்டு. அழுது சிவந்த கண்ணா கோபத்தில் சிவந்ததா என்று தெரியவில்லை. அந்தப் படம் முழுக்கவே அந்தக் கண்ணுக்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தொழில் அது. அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒரே சாம்பலாக விழும். ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். மப்ளர்காரர் கண்ணைத்தான் எழுதினார். கேமரா அதைத் தின்றுவிட்டது. ஊர் ஊராக அலைந்து, மணலில் உட்கார்ந்து, அவர் எழுதாத ஒன்றை நான் அவரிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

“யோவ், என்னய்யா பொஸ்தகம் பாத்துக்கிட்டு இருக்க? அங்கிட்டு அந்தம்மாவ உக்கார வச்சுட்டாங்க, எந்திரி” என்றார் முதலாளி. போனேன். நாற்காலியில் கட்டியிருந்த கிழவிக்கு முன்னால் விளக்கைச் சரியாக வைத்துக் கொடுத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் நான் அவர்களுக்காகத்தான் கலங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். இனி ஏமாற்ற முடியாது, கண் எழுதித்தான் ஆக வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து எல்லாக் கலரையும் கொண்டுவந்தேன். எழுதினேன், சுரண்டினேன். பச்சையில் எழுதினேன், நீலத்தில் எழுதினேன். அவள் என்னை முறைத்த நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முறைப்பு வருகிறது, கண் வரவில்லை. கடைசியில் கை அலுத்துப்போய்த் தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டது. அதே காலண்டர் கண். அது வந்து உட்கார்ந்ததும் அந்தச் சாய்ந்த கழுத்தும் வெடுக்கென்ற வாயும் யாருடையவையோ ஆகிவிட்டன. அவசரமாகச் சுரண்டினேன். பலகை வரைக்கும் சுரண்டிவிட்டேன். கூடத்தில் ஆணி மட்டும் மிச்சம் இருந்தது.

மகள் கூடத்தில் நேராக நடக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பத்துப் பதினோரு வயதில், லீவு நாட்களில் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். ஸ்டுடியோவில் உள்ளறை அலமாரிமேல் ஒரு படம் வெகுகாலமாக நின்றது. ஒரு சின்ன வயசுப் பெண், அரக்குப் புடவை, ஜாதிமல்லிப் பூ. பிரசவத்தில் இறந்தவள். படத்துக்குச் சொல்லிவிட்டுப் போன கணவர் அப்படியே மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர், திரும்பி வரவில்லை. அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் சாப்பிடும்போதெல்லாம் மகள் அந்தப் படத்தின் முன்னால் நிற்பாள். ஒருநாள் கேட்டாள்.

“இந்தப் படத்த இனிமே யாரும் கேட்டு வர மாட்டாங்களாப்பா?”

“வர மாட்டாங்க.”

“அப்ப நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம். அந்த ஆணில மாட்டலாம்.”

“அது ஒங்க ஆத்தா இல்லம்மா.”

“தெரியும். நான் என்ன சின்னப் புள்ளையா? எனக்குக் கும்புட ஒருத்தங்க வேணும்ல. இவங்களையும் கும்புட ஆளு இல்ல.”

“ஒங்க ஆத்தா இப்புடி இருக்க மாட்டா” என்றேன்.

“பின்ன எப்புடி இருப்பாங்க? சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் படத்தைத் துடைக்கப் போனாள்.

முதலாளி எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். கூடத்து ஆணியில் அது ஏறியது. மகள் குங்குமம் வைத்தாள், வெள்ளிக்கிழமை தோறும் பூப் போட்டாள். பரீட்சைக்குப் போகும்போது நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள். அக்காவும் வருஷாவருஷம் திதியன்று அதன் முன்னால்தான் இலை போட்டாள். யாராவது வந்து, “இதுதான் ஒங்க வீட்டுக்காரம்மாவா, லட்சணமா இருக்காங்க” என்றால் ஆமாம் என்று நான் தலையாட்டுவேன். விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு செய்திப் படம் முடிவதற்கு முன்னால் நான் கொட்டகைக்குள் போனதில்லை. மெயின் படம் ஆரம்பித்த பிறகுதான் போவேன், பீடிக்காரர்களோடு.

மகளுக்கு அந்தப் படம் ஆறுதலாக இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு நடந்தது வேறு. முதலில் மனசில் இருந்த அந்த வெடுக்கென்ற வாய் போனது. பிறகு கழுத்துச் சாய்வு போனது. இப்போது என் மனைவியை நினைத்துக்கொண்டு இமையை மூடினால், மலேயாவுக்குப் போன யாரோ ஒருவருடைய பெண்டாட்டிதான் வந்து நிற்கிறாள், அரக்குப் புடவையோடு, நான் எழுதிய கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டு.